போவ் ஃபெனுவா: மாவோரிகளின் நிலக்கம்பம் பற்றி ஓர் அறிமுகம்

நியூசிலாந்தில் ஏரிக்கரையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ நகரச் சதுக்கத்திலோ செதுக்கிய உயரமான மரக்கம்பம் ஒன்றைப் பார்த்தால், வெளியூர்க்காரர்கள் அதை 'டோட்டம்' என்று சொல்லிவிடுகிறார்கள். டோட்டம் கம்பம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் பழங்குடிகளுடையது. மக்கள் வேறு, மரம் வேறு, மரபும் வேறு. நியூசிலாந்தில் நிற்பதற்குப் போவ் ஃபெனுவா என்று பெயர். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் 'போவ்' என்றால் நட்ட கம்பம், தூண். ஒரு குடும்பத்தையோ கூட்டத்தையோ தாங்கி நிற்கும் ஆளையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பார்கள். 'ஃபெனுவா' என்றால் நிலம். நஞ்சுக்கொடிக்கும் இதே சொல்தான். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைக் குலத்தின் நிலத்தில் புதைப்பது மாவோரி வழக்கம். நிலத்தையும் பிறப்பையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மக்கள் அந்த நிலத்தில் நட்ட கம்பம் இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதாகப் புரியும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமன் எழுத்தில் 'டபிள்யூ, எச்' சேர்ந்து வரும் இடத்தில் பெரும்பாலான வட்டாரங்களில் ஒலிப்பது ஃப. அதேபோல் மாவோரியில் ங என்ற ஒலி சொல்லின் முதலிலேயே வரும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் இந்த ஒலிக்குத் தமிழில் தனி எழுத்தே இருப்பது நமக்கு வசதி.

போவ் என்ற சொல்லோடு வரும் எல்லாமே நிலக்கம்பம் ஆகிவிடாது. கூட்ட மண்டபத்தின் நடுவில் கூரையைத் தாங்குவது ஒரு போவ். அதன் சுவரில் வரிசையாக நிற்கும் முன்னோர் உருவப் பலகைகள் போவ்போவ். மீன்பிடிக்கவோ நுழையவோ தற்காலிகத் தடை விதித்த இடத்தைக் காட்டுவது போவ் ராஹூயி. ஒருவர் கடலில் மூழ்கி இறந்தால் அந்தக் கரையில் கொஞ்ச காலம் யாரும் மீனோ சிப்பியோ எடுக்கக் கூடாது என்று தடை போடுவார்கள், அதன் அடையாளம் அது. போவ் ஃபெனுவா என்ற பெயரில் நீண்ட கைப்பிடியுள்ள ஒரு போர்க்கருவியும் உண்டு, அருங்காட்சியகக் குறிப்பில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். இந்தக் கட்டுரை வெட்டவெளியில் நிற்கும் நிலக்கம்பத்தைப் பற்றியது. ஒரு குலத்தின் எல்லையையோ, ஒரு நிகழ்ச்சி நடந்த இடத்தையோ, ஒரு முன்னோரின் காலடி பட்ட மண்ணையோ அது காட்டும்.

நட்ட கம்பத்துக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பதை வரலாற்றில் இரண்டு இடங்களில் தெளிவாகப் பார்க்கலாம். நாட்டின் வடக்கே உள்ள கொரொராரெகாவில் பிரிட்டிஷ் கொடி பறந்த மரத்தை மாவோரித் தலைவர் ஹோனே ஹெகேயும் அவருடைய ஆட்களும் 1844 ஜூலை முதல் 1845 மார்ச் வரை நான்கு முறை வெட்டிச் சாய்த்தார்கள். கம்பம் யாருடையதோ நிலத்தின் மேல் அதிகாரமும் அவருடையது என்பதை இரு தரப்புமே ஒரே மாதிரி புரிந்துகொண்டிருந்தார்கள், அதனால்தான் அது போராக வெடித்தது. பிறகு 1856-இல் தௌபோ ஏரிக்கரையில் உள்ள பூகாவாவில் குலத்தலைவர் இவிகாவ் தே ஹெயுஹெயு பெரிய கூட்டம் ஒன்றைக் கூட்டினார். உயரமான கம்பம் நட்டு, அதிலிருந்து கயிறுகள் தொங்கவிட்டு, ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு குலத்தின் மலையைப் பெயராகச் சொல்லித் தரையில் கட்டினார்கள். மலைகள் எல்லாம் ஒரே கம்பத்தில் கட்டுண்டன. 1858-இல் தே ஃபெரோஃபெரோ முதல் மாவோரி மன்னர் ஆனதற்கு வழி வகுத்த கூட்டங்களில் இது முக்கியமானது.

கம்பத்துக்கு முன்னால் ஆட்கள்

நகராட்சியோ பள்ளியோ போவ் ஃபெனுவா வைக்க நினைக்கும்போது அடிக்கடி நேரும் தவறு, முதலில் சிற்பியைத் தேடுவது. முதலில் தேட வேண்டியது அந்த மண்ணுக்குரிய ஹபூவை. ஹபூ என்பது பல குடும்பங்கள் சேர்ந்த கிளைக்குலம். பல ஹபூக்கள் சேர்ந்தால் இவி என்னும் பெருங்குலம். எந்த முன்னோரைச் செதுக்குவது, எந்தக் கதையை வெளியே சொல்லலாம், முகம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டு ஹபூக்கள் ஒரே இடத்துக்கு உரிமை கோரினால் இந்தப் பேச்சே மாதக்கணக்கில் நீளும். நீளட்டும். கேட்காமல் நட்ட கம்பம் ஒரு பக்கத்தாரின் எல்லையை இன்னொருவர் நிலத்தில் ஊன்றியது போல ஆகிவிடும். செதுக்குகிறவர் வேறு இவியைச் சேர்ந்தவராக இருக்கலாம், ஆனால் உருவத்துக்கும் கோலத்துக்கும் ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதல் வேண்டும்.

குழி தோண்டவும் சட்டம் உண்டு. 1900-க்கு முன் மனிதர்கள் வாழ்ந்த, வேலை செய்த தடயம் உள்ள இடம் எதுவும் 2014-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி தொல்லியல் தலம். அங்கே மண்ணைக் கிளற முன்அனுமதி வேண்டும். பழைய கோட்டைமேடுதான் நிலக்கம்பத்துக்குப் பொருத்தமான இடமாகத் தோன்றும், தொல்லியல் அனுமதி கேட்பதும் அங்கேதான். இதை மறந்துவிட்டு, கம்பம் தயாராகி லாரியில் ஏறிய பிறகு விண்ணப்பிக்க ஓடுவது வீண் பதற்றம்.

மரம்

முதல் தேர்வு தோதரா. வடக்கே கௌரி மரத்தையும் பயன்படுத்துவார்கள். தோதராவுக்கு மூன்று குணங்கள் உண்டு. நார் நேராக ஓடும், எடை குறைவு, வைரம் என்னும் கெட்டியான உள்மரம் எளிதில் மக்காது. அதில் ஊறியிருக்கும் தோதரால் என்ற பொருள் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. ஒரு குறையும் உண்டு: வாகாகப் பிளக்கும். ஓடம் குடைவதற்கும் பலகை பிளப்பதற்கும் கைகொடுத்த இந்தக் குணம், நுண்ணிய செதுக்கலில் சிற்பியின் பொறுமையைச் சோதிக்கும்.

மரம் 'தானே மஹுத்தா' என்னும் காட்டுக் கடவுளின் பிள்ளை. வெட்டுவதற்கு முன் கரகியா என்னும் மந்திரம் சொல்வது மரபு. ராத்தா என்பவன் ஓடத்துக்காக மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் வந்து பார்த்தால் மரம் பழையபடி நிற்கிறது. மறுபடி வெட்டினான், மறுபடி நின்றது. ஒளிந்திருந்து பார்த்தபோது, பறவைகளும் பூச்சிகளும் சிராய் சிராயாக எடுத்துவந்து மரத்தை ஒட்டவைத்துக்கொண்டிருந்தன. கேட்காமல் வெட்டினாய் என்றன. இந்தக் கதை தெரியாத மாவோரிச் சிற்பி இருக்க முடியாது. இன்று பெரும்பாலும் காற்றில் விழுந்த மரம், ஆற்றுப்படுகையில் புதைந்து கிடந்த கட்டை ஆகியவற்றைத்தான் எடுக்கிறார்கள். நிற்கும் பழைய தோதராவை வெட்டுவது அரிது.

கட்டையின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் நீளம், 60 செ.மீ. விட்டம் என்றால் கன அளவு சுமார் 1.4 கன மீட்டர். தோதரா காய்ந்த நிலையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 480 கிலோ, ஆக கிட்டத்தட்ட 680 கிலோ. பச்சையாக இருந்தால் ஒரு டன்னைத் தாண்டும். 'நாலு பேர் தூக்கிவிடலாம்' என்று திட்டமிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். கிரேன் வந்து நிற்கும் வழியும் தரையும் இடத்தேர்வின்போதே பார்க்க வேண்டியவை.

வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளை மரத்தை முழுக்கச் சீவி எடுத்துவிட வேண்டும். மக்குவது அங்கேதான் தொடங்கும். உருண்டையான அழகு போகிறதே என்று ஒரு விரல் தடிமன் வெள்ளையை விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் அதன் மேல் செதுக்கிய கோலமெல்லாம் பஞ்சாகி உதிரும். ஆகவே 60 செ.மீ. கம்பம் வேண்டுமென்றால் அதைவிடப் பருத்த கட்டையோடு தொடங்க வேண்டும்.

அடுத்தது வெடிப்பு. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. நடுத்தண்டோடு கூடிய முழுக்கட்டை இதனால் கட்டாயம் வெடிக்கும். எங்கே வெடிக்கும் என்பது மட்டும்தான் நம் கையில். கட்டையின் முதுகுப்புறத்தை நடுத்தண்டு வரை குடைந்துவிட்டால் இழுப்பு தளர்ந்து முகப்புறம் பிழைத்துக்கொள்ளும். முழுக்கச் சுற்றிலும் செதுக்க வேண்டும் என்று குடையாமல் விட்டால் வெடிப்பு முகத்தின் நடுவே ஓடவும் கூடும். முன்னோரின் முகத்தில் விழும் பிளவை மரக்குழைமம் வைத்து அடைத்தாலும் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். இரு முனைகளிலும் மெழுகோ கெட்டிப் பெயின்டோ பூசி, நிழலில் மெல்லக் காயவிட வேண்டும். இவ்வளவு பருத்த கட்டை உள்வரை காய பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அரைப்பச்சையாக இருக்கும்போதே பெரிய வடிவங்களை வெட்டி, காய்ந்த பிறகு நுண்வேலை செய்வது நல்ல முறை.

செதுக்கல்

மாவோரி மரச்செதுக்கலுக்கு ஃபகைரோ என்று பெயர். கருவிகள் மூன்று: தோகி என்னும் வாய்ச்சி, ஃபாவ் என்னும் உளி, உளியைத் தட்டும் கொட்டாப்புளி. இரும்பு வருவதற்கு முன் வாய்ச்சியின் வாயும் உளியின் வாயும் பச்சைக்கல் போன்ற கடினமான கற்களால் ஆனவை. இன்று தொடக்க வெட்டு இயந்திர ரம்பத்தால் நடக்கிறது. ஆனால் மேற்பரப்பை வாய்ச்சியால் முடிக்கும் அழகை எந்த இயந்திரமும் தருவதில்லை. ஒவ்வொரு கொத்தும் ஒரு சிறு பள்ளமாக விழுந்து, வெயில் சாயும்போது கம்பம் முழுக்க அலை அலையாகத் தெரியும். இந்தக் கலை ஒரு கட்டத்தில் கைநழுவப் பார்த்தது. மாவோரி அரசியல் தலைவர் அபிரானா ஙாட்டாவின் முயற்சியால் 1920-களில் ரோட்டோருவாவில் செதுக்கல் பள்ளி தொடங்கியபோது வாய்ச்சியைக் கையாளத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள். பைன் தையாபா என்னும் சிற்பி அப்படி ஒரு முதியவரான எரமிஹா கபுவாவைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். பின்பு 1963-இல் சட்டம் இயற்றி ரோட்டோருவாவில் நிறுவிய கலைப் பயிலகம் இன்றும் சிற்பிகளை உருவாக்குகிறது.

உருவத்தில் தலை உடம்பின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். உடலிலேயே தலைதான் மிகப் புனிதமானது என்பதால் அந்த அளவு. துருத்திய நாக்கு எதிரிக்கு விடும் சவால். கைகளில் பெரும்பாலும் மூன்று விரல்கள், இதற்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். ஒற்றை விளக்கத்தை உறுதியாகச் சொல்லும் சுற்றுலாக் கையேட்டை நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் அலகோடு தெரியும் உருவம் மனாயா. வட்டாரத்தைக் கண்டுபிடிக்க உடம்பின் நெளிவைப் பாருங்கள்: வடக்கிலும் மேற்குக் கரையிலுள்ள தாரனாகியிலும் உடல் பாம்பு போல வளைந்து நெளியும், தாரனாகியில் தலை உச்சி கூம்பும். கிழக்குக் கரையில் உருவம் அகன்று சதுரித்து நேராக நிற்கும்.

அதிகம் காணும் கோலம் ரௌபொங்கா. பெரணி இலையிலிருந்து வந்த பெயர். அருகில் போய்ப் பார்த்தால் இணையாக ஓடும் பள்ளக்கோடுகளும், அவற்றுக்கு இடையே நாய்ப்பல் போல வரிசையாக நிற்கும் சிறு முனைகளும் தெரியும். கோட்டுக்கு ஹைஹை என்றும் பல்லுக்குப் பாகதி என்றும் பெயர். கோடுகளை முதலில் வெட்டி முடித்துவிட்டுத்தான் பல் வரிசைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் உளியைச் செங்குத்தாக வைத்து ஒரு தட்டு, பிறகு சாய்த்துப் பிடித்து இன்னொரு தட்டு. இரண்டு வெட்டும் அடியில் சந்தித்தால் சிராய் தானாகத் துள்ளி வெளியே வரும். செங்குத்து வெட்டின் ஆழம் போதாவிட்டால், சாய்வெட்டு தோதராவின் நாரைப் பிடித்துக்கொண்டு ஓடி அடுத்த பல்லையும் பெயர்த்துவிடும். ஒரு பல் போனால் ஒட்டுவதில் பயனில்லை, வரிசை முழுவதையும் ஒரு மட்டம் கீழே இறக்க வேண்டியிருக்கும். புதிதாகக் கற்கிறவர் இந்த ஒரு கோலத்தைத் துண்டுப் பலகையில் சலிக்கும்வரை வெட்டிப் பழகிய பிறகே கம்பத்தைத் தொடுவது நல்லது.

கண் பாவா சிப்பி. நீலமும் பச்சையுமாக மின்னும் சிப்பியை வளையமாக வெட்டி, மரத்தில் அதே அளவுக்குப் பள்ளம் எடுத்துப் பதிப்பார்கள். நடுவே பாவையாக ஒரு மரமுளை வைத்து அடிப்பது பழைய வழி. முளை வளையத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பசையை மட்டும் நம்பிப் பதித்த கண், வெயிலில் மரம் சுருங்கி விரியும்போது சிப்பி அசையாமல் நிற்பதால் சீக்கிரம் கழன்று விழுகிறது.

வேலை நடக்கும் இடம் தபு, அதாவது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சிராயை வாயால் ஊதக் கூடாது, தூரிகையால் தள்ள வேண்டும். அந்தச் சிராயைச் சமையல் அடுப்பில் எரிக்கக் கூடாது. சமைத்த உணவைப் பட்டறைக்குள் கொண்டுவரக் கூடாது. பழைய நாளில் பெண்கள் பட்டறைக்கு வரத் தடை இருந்தது, இன்று அது குலத்துக்குக் குலம் மாறுகிறது. விருந்தினராகப் போனால் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே நுழையாமல் இருந்தாலே பாதி மரியாதை காட்டியாயிற்று.

நிறம் பூசுவதானால் மரபான நிறம் கோகோவை, செங்காவி மண்ணைச் சுறா எண்ணெயில் குழைத்தது. இன்று அதே சிவப்பை மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சாக வாங்கிப் பூசுகிறார்கள்.

நடுதல்

தாரனாகியில் வைதாராவுக்கு அருகே சதுப்பு நிலத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஐந்து செதுக்கிய பலகைகள் கிடைத்தன. போர்க்காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எதிரி கையில் சிக்காமல் இருக்கக் குலத்தார் மறைத்து வைத்தவை. நாட்டை விட்டு வெளியே போய்ச் சுவிட்சர்லாந்தில் இருந்து 2014-இல் திரும்பி வந்த மோதுனூயி பலகைகள் என்பவை இவைதான். ஒன்றரை நூற்றாண்டு சேற்றில் கிடந்தும் உளி பட்ட தடம் மாறவில்லை. பூஞ்சணம் வாழக் காற்று வேண்டும், சேற்றின் அடியில் காற்று இல்லை. நட்ட கம்பத்துக்கு நேர்வது இதற்கு எதிர்மாறு. தரைமட்டத்திலும் அதற்குக் கீழே ஒரு சாண் வரையிலும் ஈரமும் காற்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் மக்கல் தொடங்கும். அதனால் மேலே கல் போல இருக்கும் கம்பம் கணுக்காலில் முறிகிறது.

கான்கிரீட் ஊற்றினால் பலம் என்று நினைத்து மரத்தைச் சுற்றிக் கிண்ணம் போல ஊற்றுவது மிகக் கெட்ட யோசனை. காய்ந்ததும் மரம் சுருங்கி இடைவெளி விழும், மழைநீர் அதில் இறங்கும், வெளியேற வழி இருக்காது. இன்று நன்றாகச் செய்கிறவர்கள் கம்பத்தின் குடைந்த முதுகுக்குள் இரும்புக் குழாயோ தகட்டுச் சட்டமோ பொருத்தி, அந்த இரும்பை மட்டும் கான்கிரீட்டில் இறக்குகிறார்கள். மரத்தின் அடி தரையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயர்ந்து நிற்கும். கடற்காற்று படும் இடத்தில் துத்தநாகம் பூசிய இரும்பு போதாது, கடலோரத் தரமுள்ள எவர்சில்வர் வேண்டும். அடியிலும் முதுகிலும் நீர் வடிய வழி விட வேண்டும். மரபு முறையில் மண்ணிலேயே நடுவதானால், வைரம் மட்டும் உள்ள அடிப்பகுதியை மொத்த நீளத்தில் கால்பங்குக்குக் குறையாமல் புதைத்து, சுற்றிலும் சரளைக்கல் இட்டுக் கெட்டிப்பது சரி. சரளை நீரைக் கீழே விடும்.

காற்றைக் குறைத்து எடைபோட வேண்டாம். தரைக்கு மேல் 4 மீட்டர் உயரமும் 60 செ.மீ. அகலமும் உள்ள கம்பத்தின் மேல் மணிக்கு 144 கி.மீ. காற்று அடித்தால், ஏறத்தாழ 230 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். மக்கள் நடமாடும் இடத்தில் கட்டுமானப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் நிறுத்தக் கூடாது.

திறப்பு பெரும்பாலும் விடியலுக்கு முன் நடக்கும். இருட்டில் கரகியா சொல்லி, துணியை விலக்கி, முன்னோரின் பெயரை உரக்கச் சொல்வார்கள். செதுக்கும்போது இருந்த தபு அப்போதுதான் தளரும், பிறகு ஊர்க்காரர்கள் தொட்டுப் பார்க்கலாம். எல்லாம் முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவதும் சடங்கின் பகுதிதான்.

பார்ப்பதும் பேணுவதும்

கிறைஸ்ட்சர்ச் நகரின் விக்டோரியா சதுக்கத்தில் ரிக்கி மானுவல் செதுக்கிய 'மானா மோதுஹகே' 1994 முதல் நிற்கிறது. ஆங்கிலேய அரசியின் பெயர் தாங்கிய சதுக்கத்தில், அதற்கு முன்பே அந்த ஆற்றங்கரைக்கு வந்துபோன மக்களை அது நினைவூட்டுகிறது. 2016 நிலநடுக்கத்தில் சிதைந்த கைகோரா கடலோர நெடுஞ்சாலையைச் சீரமைத்தபோதும் வண்டி நிறுத்தும் இடங்களில் நிலக்கம்பங்கள் வைத்தார்கள். முதல்முறை பார்க்கும்போது கோலங்களை விட்டுவிட்டு, முகம் எங்கே பார்க்கிறது என்று கவனியுங்கள். மலையையோ ஆற்றையோ கடவையோ பார்க்கும். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதிக் கதை கிடைத்துவிடும். ஏறி நின்று படம் எடுப்பதும், தலையில் தொப்பி மாட்டுவதும், அடியில் உட்கார்ந்து சாப்பிடுவதும் வேண்டாம்.

பேணுவதில் முதல் விதி, பளபளக்கும் வார்னிஷ் பூசாதே. அது மேலே தோலாகப் படியும், மரம் அசையும்போது கீறல் விடும், கீறல் வழியே இறங்கிய நீர் தோலுக்கு அடியில் தங்கிவிடும். ஊறும் எண்ணெயை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, நன்றாகக் காய்ந்த நாளில் மெல்லியதாகப் பூசினால் போதும். உச்சியில் வெட்டுவாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் உறிஞ்சு குழல்கள் போல நீரை உள்ளே இழுக்கும், எனவே உச்சியைச் சரிவாக வெட்டி எண்ணெயை அங்கே தாராளமாக விட வேண்டும். பாசி படிந்தால் மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதும். அழுத்த நீர்ப்பீச்சி நாய்ப்பல் வரிசையை ஒரே நாளில் மழுங்கடித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதியில் கூரான ஊசியைக் குத்திப் பாருங்கள். சில மில்லிமீட்டரில் நின்றால் வைரம் நலம். விரல்நுனி அளவுக்கு எளிதாக இறங்கினால் உடனே பொறியாளரையும் ஹபூவையும் அழையுங்கள்.

கால் மக்கினால் மக்கிய பகுதியை அறுத்துவிட்டு எவர்சில்வர் பாதம் மாட்டி மறுபடி நிறுத்தலாம். எல்லோரும் அதை விரும்புவதில்லை. காட்டிலிருந்து வந்தது காட்டுக் கடவுளான 'தானே'யிடம் திரும்பட்டும் என்று, வெடித்துச் சாம்பல் நிறமான கம்பத்தைக் கரகியா சொல்லி இறக்கி, ஒதுக்குப்புறமான மண்ணில் கிடத்திவிடும் குலங்களும் உண்டு. அந்த முடிவை நகராட்சி எடுக்கக் கூடாது. இறக்கிய கம்பத்தை அறுத்து விறகாக்குவதோ குப்பை லாரியில் ஏற்றுவதோ கூடவே கூடாது. அடுத்த கம்பம் தயாராகும்வரை குழியை மூடி, அதன் மேல் யாரும் வண்டி நிறுத்தாதபடி பார்த்துக்கொள்வார்கள்.